மலர்கொடி கை எடுக்க மாட்டாள்

எனக்குச் சட்டென்று கோபம் வரும். வந்த வேகத்திலேயே போயும்விடும். மலர்கொடியைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் என் கோபத்திலிருந்து ஏன் ஆரம்பிக்கிறேன் என்றால், அந்தப் பெண் என் கடைக்கு வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே எனக்கு ஆறு தடவை கோபம் வந்தது. ஆறு தடவையும் நான் கத்தினேன். ஆறு தடவையும் அவள் "சரிங்க பாய்" என்று சொல்லிவிட்டுத் தன் இஷ்டப்படியே வேலை செய்தாள். மனுஷனுக்கு எரியுமா எரியாதா?

நான் உபைத். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, 1989 பொங்கல் முடிந்த கையோடு கம்ப்யூட்டர் கடை திறந்தவன். சுற்றுவட்டாரத்தில் அப்போது வேறு கம்ப்யூட்டர் கடை இருந்ததாக எனக்குத் தெரியாது. இருந்தது என்று யாராவது சொன்னாலும் நான் நம்பப்போவதில்லை. அதற்கு முன்னால் ஷார்ஜாவில் ஒரு கட்டட கம்பெனி ஆபீஸில் ஏழு வருஷம் டீ போட்டேன், ஃபைல் தூக்கினேன், ஜெராக்ஸ் எடுத்தேன். அங்கே இன்ஜினியர்கள் முதலாளியிடம் வாயால் அதிகம் பேச மாட்டார்கள். சொல்ல வேண்டியதைக் கம்ப்யூட்டரில் படம் படமாகப் போட்டு, திரையில் ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டுவார்கள். பெரிய எழுத்தில் தலைப்பு, கீழே நாலு வரி, அடுத்த படத்தில் வரிசையாக நிற்கிற கம்பங்கள். எது உயரம், எது குள்ளம் என்று பார்த்தவுடனே தெரியும். முதலாளி தலையாட்டிவிடுவார். அந்த வித்தை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவர்கள் புது மெஷின் வாங்கியதும் பழையதைக் கேட்டு வாங்கி, இரண்டு கம்பளியில் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

கடைக்குள் செருப்பு போடக்கூடாது. ஃபேனுக்கு நேராக யாரும் உட்காரக்கூடாது, அது மெஷினுக்கு. கடல் காற்றில் உப்பு ஏறிவிடும் என்று சாயங்காலம் ஐந்து மணிக்கே ஜன்னலைச் சாத்திவிடுவேன். அத்தனை மரியாதை கொடுத்தும் ஒரு குறை இருந்தது. எனக்கு டைப் அடிக்கத் தெரியாது. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்துவேன். ஒரு இங்கிலீஷ் கல்யாணப் பத்திரிகை அடித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளைக்கு நரை விழுந்துவிடும் என்று என் மனைவி ஷாகிரா கேலி செய்வாள். ஆனால் மவுஸ் பிடிப்பதில் நான் ராஜா. வலது கையில் அது இருந்தால் போதும், திரையில் அம்பை ஓட்டிப் போய் மெனுவைத் திறந்து, தேடி, தட்டி, படம் வரவழைத்துவிடுவேன். கடைக்கு வந்தவர்கள் அந்த அம்பு நகர்வதையே வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அதற்காகவே நான் கொஞ்சம் தேவையில்லாமலும் நகர்த்துவேன்.

அப்படி இருக்கும்போதுதான் மலர்கொடி வந்தாள். இருபத்து மூன்று வயது. உப்பளத்தை ஒட்டிய காலனியில் வீடு. அப்பா இல்லை. அம்மா வேலம்மாள் அளத்தில் உப்பு வாருகிறவள். மலர்கொடி திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் போய் வந்து டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்தாள். ஆள் ஒல்லி. குரலும் மெல்லியதுதான், ஆனால் சிரித்தால் நாலு கடை தள்ளிக் கேட்கும். மத்தியானம் தயிர் சோற்றுக்குப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவாள், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. இவ்வளவு அழுத்தமான பெண் என்று அந்த மிளகாயைப் பார்த்தே நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

முதல் நாளே மவுஸைக் கையில் கொடுத்தேன். அவள் அதை இரண்டு நிமிஷம் உருட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள்.

"ஏம்மா, அதை ஏன் தள்ளி வெச்சிட்ட?"

"கை எடுக்க வேண்டியதா இருக்குது பாய்."

"எடுத்தா என்ன? கை ஒட்டிக்கிச்சா?"

"எங்க இன்ஸ்டிட்யூட்டுல கையை எடுத்தா மாஸ்டர் ஸ்கேலால போடுவாருங்க. கை மேல ஒரு மரப்பெட்டி கவுத்து வெச்சிருவாரு. எழுத்துக் கட்டை எங்க இருக்குன்னு பாக்கக்கூடாது. கண்ணு பேப்பர்ல, கை கட்டையில. இந்த மவுஸைத் தேடிப் பிடிச்சு, அம்பை ஓட்டிட்டுப் போய், திரும்பி வந்து கை வெக்கிறதுக்குள்ள நான் ரெண்டு வரி அடிச்சிருவேன்."

"ஷார்ஜாவுல இன்ஜினியருங்களே இதைத்தான் பிடிச்சி வேலை செய்றாங்க. நீ பெரிய இவளா?"

"சரிங்க பாய்," என்றாள். மவுஸ் ஓரத்திலேயே இருந்தது. ஆறு கோபங்களில் அது முதலாவது.

மெஷினோடு ஒரு தடிப் புத்தகம் வந்திருந்தது. முந்நூறு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். நான் அதைப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் மரியாதையாக ஷெல்ஃபில் வைத்திருந்தேன். மலர்கொடி அதைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அகராதியை வைத்துக்கொண்டு தினம் நாலு பக்கம் படிப்பாளாம். மறுநாள் வந்ததும் படித்ததைச் செய்து பார்ப்பாள். பழைய மெஷின் ஆனதால் எஃப் போட்ட பொத்தான்கள் பத்தும் கீபோர்டின் இடது பக்கம் இரண்டு வரிசையாக இருக்கும். ஒன்றை அடித்தால் எழுதிய எண்களெல்லாம் படமாக எழுந்து நிற்கும். எஸ்கேப் அடித்தால் மறுபடி எண்கள். கன்ட்ரோலையும் இன்சர்ட்டையும் சேர்த்து அடித்தால் நடுவில் ஒரு புது வரி விழும், டெலீட்டோடு சேர்த்தால் இருந்த வரி போய்விடும். ஆல்ட்டோடு வேறொன்றைச் சேர்த்தால் தலைப்பு பெரிதாகும். நான் மெனுவுக்குள் மெனுவாக நாலு கதவைத் திறந்து போய்ச் செய்கிற வேலை அது.

அவளிடம், "அந்தத் தலைப்புக்கு எந்த பட்டன்?" என்று கேட்டால் அவளுக்கு உடனே சொல்லத் தெரியாது. காற்றில் கையை வைத்து விரலை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். விரலுக்குத் தெரிந்தது அவள் வாய்க்குத் தெரியாது. நான் அதைப் பார்த்துச் சிரிப்பேன், அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஷாகிரா ஒருநாள் சோற்றுக் கேரியரோடு வந்தவள், நான் மவுஸ் பெருமை பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுப் பொறுக்காமல், "ரெண்டு பேரும் ஒரே படத்தைப் போடுங்க. நான் கடிகாரம் பாக்குறேன். தோத்தவங்க ஒரு வாரம் கடை கூட்டணும்," என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு தலைப்பு, ஐந்து வரி, ஆறு கம்பம் உள்ள ஒரு படம். முதலில் நான். டைப் அடிக்கிறதில் போட்டி வேண்டாம் என்று எழுத்துகளை மலர்கொடியே எனக்கும் அடித்துக் கொடுத்தாள். மீதியை மவுஸால் செய்தேன். நாலு நிமிஷம் இருபது நொடி. "பாத்துக்க," என்று நாற்காலியைவிட்டு எழுந்தேன். அவள் உட்கார்ந்தாள். எழுத்துகளையும் அவளே அடித்து, படத்தையும் எழுப்பி நிறுத்தியபோது கடிகாரத்தில் ஒரு நிமிஷம் ஐம்பது நொடிதான் ஓடியிருந்தது.

"யா அல்லாஹ்!" என்றாள் ஷாகிரா. எனக்காக வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, சந்தோஷத்தில் சொன்னாள். ஒரு வாரம் நான் பஸ் ஸ்டாண்டு ஜனம் பார்க்கக் கடை வாசலைக் கூட்டினேன். அவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

அந்த வருஷம் ஆடி மாசக் கடைசியில் உப்புத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பலராமன் கடைக்கு வந்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, உப்பு நீரில் வெந்து வெடித்த பாதம். செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டிய அவசியமில்லை, அவர் போட்டிருக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார். அளத்தில் தை மாசம் தொடங்கி ஆவணி, புரட்டாசி வரைக்கும் வேலை இருக்கும். ஐப்பசியில் மழை பிடித்தால் பாத்தியெல்லாம் தண்ணீர். பிறகு மூன்று மாசம் யாருக்கும் வேலை கிடையாது. உப்பில் அயோடின் கலந்து பாக்கெட் போடுகிற வேலையை அரசாங்கம் இந்தக் கடற்கரையில் ஏதாவது ஒரு சங்கத்துக்குக் கொடுக்கப்போகிறது. ஒரே ஒரு சங்கத்துக்கு. நம் சங்கத்திடம் குடோன் இருக்கிறது, மூடின இடம், மழையிலும் வேலை செய்யலாம். அதிகாரி மெட்ராஸிலிருந்து நேரில் வந்து பார்ப்பார். மறுநாள் வேறு ஊருக்குப் போய்ப் பார்ப்பார்.

"மனு கொடுத்தாச்சு பாய். எல்லா ஊர்க்காரனும் கொடுத்திருப்பான். நீங்க படம் காட்டி ஆளை மயக்குவீங்கன்னு சொல்றாங்களே, அது மாதிரி ஒண்ணு செஞ்சு கொடுங்க," என்றார் பலராமன்.

"அதெல்லாம் ஷார்ஜாவுல தண்ணிபட்ட பாடு. கவலைய விடுங்க," என்றேன் நான்.

அவர் போனதும் பார்த்தால் மலர்கொடி தட்டாமல் உட்கார்ந்திருக்கிறாள். என்னம்மா என்றேன்.

"ஒவ்வொரு ஐப்பசிக்கும் எங்கம்மா மெட்ராஸுக்குப் போயிடும் பாய். கட்டட வேலை. செங்கல் சுமக்கணும். பிளாட்பாரத்துலதான் படுக்கை. போன வருஷம் சாரத்துலேர்ந்து வழுக்கி விழுந்து, கால் வீங்கிப்போய் வந்துச்சு. வந்தப்ப எனக்கே அடையாளம் தெரியல. இந்த வருஷமும் போவேன்னு சொல்லிட்டு இருக்குது. நான் சம்பாதிக்கிறேனேன்னா, உன் கல்யாணத்துக்கு யாரு செய்வாங்கன்னு கேக்குது." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இந்த வேலை நம்ம ஊருக்கு வந்துட்டா அது போவாதுங்க."

எனக்கு அழுகை வரப் பார்த்தது. அழுகை வந்தால் நான் கத்துவேன், அது என் பழக்கம். "அப்ப வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா ஆச்சா? ஆரம்பி!" என்று கத்தினேன்.

பதினைந்து நாளில் பன்னிரண்டு படம் செய்தாள். அளம், குடோன், எத்தனை பெண்கள், எத்தனை டன். எட்டாவது படம்தான் உயிர்: போன வருஷம் எந்த மாசத்தில் எத்தனை நாள் வேலை இருந்தது என்று பன்னிரண்டு கம்பங்கள். கடைசி மூன்று மாசத்தில் கம்பமே இருக்காது. அந்த வெறும் இடத்தைப் பார்த்தாலே அதிகாரிக்குப் புரிந்துவிட வேண்டும். அதை முடித்த அன்றைக்கு நான் ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அதிகாரி முன்னால் படத்தை ஓட்டுவது நான்தான். கடை என்னுடையது, மெஷின் என்னுடையது, மவுஸும் என்னுடையது.

"சரிங்க பாய்," என்றாள்.

ஆவணி மாசம் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி வருவதாக இருந்தது. எட்டு மணிக்கே மெஷினை மீன்பாடி வண்டியில் ஏற்றிக் குடோனுக்குக் கொண்டுபோனோம். உள்ளே ஆளுயரத்துக்கு உப்பு மூட்டைகள். சங்கத்தின் இரும்பு மேஜை நடுவில் நின்றது. அதன் மேல் மானிட்டரை வைத்தோம். வைத்த உடனே மேஜை "கிறீச்" என்று ஒரு பக்கம் சாய்ந்தது. பலராமன் பாய்ந்து மானிட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். உப்புக் காற்று அந்த மேஜைக் காலை உள்ளேயே தின்று முடித்திருந்தது. வேறு மேஜைக்கு ஓட நேரமில்லை. நாலு மூட்டையை இழுத்துப் போட்டு அதன் மேல் மெஷினை வைத்தோம். பக்கத்தில் இன்னொரு மூட்டை, அதுதான் என் மவுஸுக்கு மேஜை.

சாக்கின் மேல் மவுஸ் ஓடுமா? ஓடவில்லை. நான் மேற்கே தள்ளினால் அம்பு அசையாமல் நின்றது. சங்கத்து ஃபைல் அட்டை ஒன்றை வாங்கி மூட்டை மேல் போட்டு உருட்டினேன். இரண்டு தடவை ஓடியது. மூன்றாவது தடவை உள்ளே இருந்த பந்து "கறக்" என்றது. கழற்றிப் பார்த்தால் பந்து முழுக்க உப்புத்தூள். துடைத்துப் போட்டேன், மறுபடி கறக். எனக்கு வியர்த்து ஊற்றியது. ஷார்ஜாவில் எந்த இன்ஜினியரும் உப்பு மூட்டை மேல் மவுஸ் ஓட்டியதை நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்துப் பலராமன் ஒரு காகிதத்தை நீட்டினார். "மலரு, போன வருஷத்து வேலை நாள் கணக்கு நான் உங்கிட்ட கொடுத்ததுல தப்பு இருக்குது. இதுதான் சரியானது. மாத்திரும்மா." வெளியே ஜீப் சத்தம் கேட்டது. மலர்கொடி கீபோர்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்தாள். கண் காகிதத்தில், கை கட்டையில். ஜீப் கதவு சாத்துகிற சத்தத்துக்குள் பன்னிரண்டு மாசத்தையும் மாற்றிவிட்டாள். அவளுக்குப் பின்னால் குடோன் வாசலில் அளத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தவர்கள், முழங்கால் வரைக்கும் உப்பு பூத்திருந்தது. வேலம்மாள் எல்லாருக்கும் கடைசியில் கதவோரம் நின்றாள்.

அதிகாரி நரைத்த தலை, தடித்த கண்ணாடி. நாற்காலியில் உட்கார்ந்து, "ஆரம்பிங்க," என்றார். நான் மவுஸைப் பார்த்தேன். மலர்கொடி என்னைப் பார்த்தாள். நான் நாலு அடி பின்னால் நகர்ந்து நின்றேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

படங்கள் ஓடின. ஒன்று, இரண்டு, மூன்று. பலராமன் விளக்கம் சொன்னார், அவர் மூச்சு விடும் இடத்தில் சரியாக அடுத்த படம் வந்தது. அதிகாரி முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. எட்டாவது படம் வந்தது.

அதிகாரி கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டார். "மனுவுல மூணு மாசம் வேலை இல்லைன்னு எழுதியிருக்கீங்க. இங்க ஏழு மாசம் காலியா இருக்கே?"

பார்த்தோம். ஐந்தே ஐந்து கம்பங்கள் நின்றன. ஜனவரி இல்லை, பிப்ரவரி இல்லை. ஆகஸ்ட் இல்லை, செப்டம்பர், அக்டோபர் எதுவுமே இல்லை.

"ஆகஸ்ட்டுல வேலையே இல்லைன்னு காட்டுது. இப்ப என்ன மாசம்? ஆகஸ்ட். வர்ற வழியில உப்பு வாரிட்டு இருந்தாங்களே, அவங்கெல்லாம் யாரு?" குரல் மாறிவிட்டது. "கஷ்டத்தைக் கூட்டிக் காட்டினா காரியம் ஆயிடும்னு நினைச்சீங்களா?" அவர் மடியிலிருந்த ஃபைலை மூடினார்.

பலராமன் முகத்தில் ரத்தமே இல்லை. மலர்கொடி எஸ்கேப் அடித்தாள். எண்கள் திரைக்கு வந்தன. ஒரு நொடி பார்த்தாள். அப்புறம் "அய்யய்யோ!" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"சார், இது பொய் இல்லீங்க சார். தப்பு என்னோடது. டைப்ரைட்டர்ல ஒண்ணுன்னு தனியா கட்டை கிடையாதுங்க. சின்ன எல் எழுத்தைத்தான் ஒண்ணுன்னு அடிப்போம். அவசரத்துல அந்தக் கை வந்துருச்சு. கம்ப்யூட்டருக்கு அது எழுத்து, நம்பர் இல்லீங்க. எந்த மாசத்துல எல்லாம் ஒண்ணு வருதோ அதையெல்லாம் இது தள்ளிருச்சு. கண்ணுக்கு ரெண்டும் ஒரே மாதிரி இருக்குது, அதான் தெரியல."

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஜனவரி பதினாறு. பிப்ரவரி இருபத்தொன்று. கீழே, கீழே, ஆகஸ்ட் இருபத்தொன்று, செப்டம்பர் பதினெட்டு, அக்டோபரில் ஒரே ஒரு நாள். இடது கை ஓரத்துப் பொத்தானுக்குப் போனது. ஒன்பது கம்பங்கள் எழுந்து நின்றன, பத்தாவது தரையோடு தரையாக ஒரு கோடு. கடைசி இரண்டும் வெறுமை. அவள் பேசி முடிப்பதற்கும் படம் வருவதற்கும் சரியாக இருந்தது.

அதிகாரி திரையைப் பார்த்தார். அவள் மடியைப் பார்த்தார். "கீழ குனிஞ்சே பாக்கலியேம்மா நீ?"

"பாத்தா மாஸ்டர் அடிப்பாருங்க."

அவர் ஃபைலைத் திறந்துவிட்டுக் கடகடவென்று சிரித்தார். "நானும் லோயர் பாஸ் பண்ணித்தாம்மா கிளார்க்கா சேர்ந்தேன். எத்தனை எல் அடிச்சிருப்பேன்!" சிரிப்பு அடங்கியதும் மறுபடி அதிகாரியாகிவிட்டார். "சரி. மழைக்காலத்துல நாற்பது பேர் வேலைக்கு வருவாங்கன்னு எழுதியிருக்கீங்க. நான் போன ஊர்ல எல்லாம் இப்படித்தான் எழுதிக் கொடுத்தாங்க. ஐப்பசி பிறந்தா பாதிப் பேர் மெட்ராஸ் போயிடுறாங்க. மெஷின் சும்மா கிடக்கும். நிஜமா எத்தனை பேர்?"

பலராமன் வாயைத் திறந்தார். அதற்குள் மலர்கொடி ஒரு புதுப் படத்தைத் தொடங்கிவிட்டாள். "ஐப்பசி வேலைக்கு" என்று தலைப்பு ஆங்கில எழுத்தில் விழுந்தது. தமிழ் அந்த மெஷினுக்குத் தெரியாது. திரும்பி வாசலைப் பார்த்தாள்.

"வர்றவங்க பேர் சொல்லுங்க. மெட்ராஸ் போவாம இங்க வர்றவங்க மட்டும்."

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்தார்கள். பிறகு ஒரு குரல், "பாவாடை பொண்டாட்டி அஞ்சலை." மலர்கொடி ஒன்று என்று அடித்தாள், இந்தத் தடவை சரியான ஒன்று. பொத்தான். திரையில் விரல்கடை உயரத்தில் ஒரு கம்பம் எழுந்தது. "அது நானா?" என்றாள் அஞ்சலை. "நீதாங்க்கா." உடனே, "என்னையும் போடு!" என்று இன்னொருத்தி. எண், பொத்தான், கம்பம். எண், பொத்தான், கம்பம். ஒவ்வொரு பெயருக்கும் அது ஒரு படி ஏறியது. பெண்கள் வாசலை விட்டு உள்ளே வந்துவிட்டார்கள். "ஏண்டி, நீ தள்ளு, எனக்கு மறைக்குது", "அதோ பாரு ஏறுது, ஏறுது" என்று ஒரே கூச்சல். நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு செய்திருந்தால் ஐந்தாவது பெயரிலேயே எல்லாருக்கும் சலித்துப்போயிருக்கும். இவள் கையிலோ பெயர் வாயிலிருந்து விழுவதும் கம்பம் ஏறுவதும் ஒன்றாக நடந்தன. அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பார்த்தார். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்து மூன்று.

அப்புறம் நின்றுவிட்டது. மலர்கொடி திரும்பவில்லை. ஆனால் அவள் யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வேலம்மாள் கதவோரத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தவே போனேன். அதற்குள் அவளே பேசினாள்.

"இது நெசமா வருமா சார்? பேரைக் கொடுத்துட்டு, மெட்ராஸையும் வுட்டுட்டு, மூணு மாசம் நான் சும்மா குந்தியிருக்க முடியாது."

அதிகாரி அந்த அம்மாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, நின்றபடியே ஃபைலில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நாளைக்குப் போக வேண்டிய ஊருக்கு நான் சும்மாதான் போகப்போறேன்மா. வரும்."

"அப்ப போடு," என்றாள் வேலம்மாள் மகளிடம். "வேலம்மாளும் ஒண்ணு."

மலர்கொடி அடித்தாள். நாற்பத்து நாலு. கம்பம் ஏறியதும் பெண்கள் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்தது. நான் மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பலராமன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். என் சட்டையெல்லாம் உப்பு.

அயோடின் கலக்கிற மெஷின் புரட்டாசிக் கடைசியில் வந்து இறங்கியது. ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை, ரோட்டில் கணுக்கால் தண்ணீர். காலை எட்டரை மணிக்கு நானும் மலர்கொடியும் அப்போதுதான் கடை திறந்து உட்கார்ந்திருந்தோம். பஸ் ஸ்டாண்டில் ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. மெட்ராஸ் மேஸ்திரியின் லாரி. வருஷா வருஷம் ஆள் ஏற்றிப்போக வருகிற லாரி. மலர்கொடி அப்படியே எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள், பின்னாலேயே நானும். மேஸ்திரி மறுபடி மறுபடி ஹாரனை அழுத்தினார். யாரும் வரவில்லை.

காலனிப் பக்கமிருந்து தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நாலைந்து பெண்கள் வேகமாக வந்தார்கள். முன்னால் வந்தவள் வேலம்மாள். மலர்கொடி என் கைப்பக்கத்துத் தூணை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரி தலையை வெளியே நீட்டி, "ஏம்மா வேலம்மா, உன்னைத்தான் பாத்துட்டு இருக்கேன். வா, ஏறு," என்றார்.

வேலம்மாள் நிற்கக்கூட இல்லை. நடந்துகொண்டே சாக்கின் விளிம்பை லேசாகத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

"வழி வுடுப்பா. வேலைக்கு நேரமாயிருச்சு," என்றாள்.